ஹியாக்கெய்

ஜப்பானிய மொழியில் ‘ஹியாக்கு’ என்றால் நூறு, ‘கெய்’ என்றால் காட்சி. இரண்டும் சேரும்போது ஈற்று உகரம் கெட்டு ‘ஹியாக்கெய்’ ஆகிறது. குற்றியலுகரப் புணர்ச்சி படித்த நமக்கு இது எளிதில் பிடிபடும். இங்கே நூறு என்பது கறாரான கணக்கு அல்ல, ‘பற்பல’ என்றும் கொள்ளலாம். ஓவியர் ஹிரோஷிகே 1856 முதல் வெளியிட்ட ‘எடோவின் புகழ்பெற்ற நூறு காட்சிகள்’ என்ற மர அச்சோவிய வரிசையிலேயே நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் உண்டு. எடோதான் இன்றைய டோக்கியோ.

டிரம்மர் யோஷிதா தத்சுயா 1991இல் தொடங்கிய புராக்ரசிவ் ராக் குழுவின் பெயர் ‘கோயென்ஜி ஹியாக்கெய்’. கோயென்ஜி, டோக்கியோவின் மேற்குப் பகுதியில் சிறிய இசைக்கூடங்கள் மலிந்த பேட்டை. ஓவிய மரபின் கம்பீரமான சொல்லை அந்தப் பேட்டைக்குச் சூட்டியது அருமையான துணிச்சல். பிரெஞ்சுக் குழுவான மாக்மாவின் வழியில், இவர்கள் புனைந்துகொண்ட மொழியில் பாடுகிறார்கள். 2005இல் வந்த ‘ஆங்கெர் ஷிஸ்பா’ ஆல்பத்தைக் கேளுங்கள். தாளக்கட்டு அடிக்கடி மாற, பெண்குரலும் பேஸ் கிட்டாரும் கீபோர்டும் ஒரே சொற்கட்டைப் பிடித்துக்கொண்டு பாய்கின்றன. அகராதிப் பொருள் இல்லாத அசைகள் என்பதால் குரலே ஒரு வாத்தியமாகிவிடுகிறது. ஜப்பானிய புராக்ரசிவ் ராக்கில் என்னை முதலில் ஈர்ப்பது இந்தக் குரல்தான்.