மூளைத் தமனி இறுக்கமும் திரவவழி மருந்தும்

மூளைத் தமனியில் புடைத்திருந்த அனியூரிசம் வெடித்து, மூளையைச் சூழ்ந்த திரவத்தில் இரத்தம் கசிந்தபின் தமனிகள் இறுகிச் சுருங்குவதை வாசோஸ்பாசம் என்பர். கொழுப்புப் படிந்து தமனி குறுகுவது வேறு நோய். அதற்கு இங்கே சொல்லப்படும் திரவவழிச் சிகிச்சை இல்லை. வாசோஸ்பாச இறுக்கத்தை ஆஞ்சியோகிராமில் 1951இல் எடுத்துக்காட்டியவர்கள் எக்கர், ரீமன்ஷ்னைடர்.

இரத்தம் கசிந்தவுடன் தமனி இறுகிவிடாது. மூன்றாம் நான்காம் நாளில் தொடங்கி, 7 முதல் 10 நாளில் உச்சத்தைத் தொட்டு, இரண்டு மூன்று வாரத்தில் தணியும். கட்டிய இரத்தம் சிதையும்போது வெளிப்படும் ஆக்சிஹீமோகுளோபின், தமனியைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடை அழித்துவிடுகிறது. அதனால்தான் பிழைத்தெழுந்து பேசிக்கொண்டிருந்தவருக்கு ஒரு வாரம் கழித்துத் திடீரென வாய் குழறுகிறது, கை விழுகிறது.

வழக்கமான மருந்து நிமோடிபைன்: 4 மணிக்கொருமுறை 60 மி.கி., 21 நாள். அளவைக் கூட்டினால் இரத்த அழுத்தம் இறங்கி, மூளைக்குப் போகும் இரத்தமும் குறையும். கோளாறோ தமனியின் வெளிப்புறத்தில், திரவத்துக்குள் கிடக்கிறது. எனவே மருந்தையும் அங்கேயே விடலாம் என்ற எண்ணம் எழுந்தது. நிகார்டிபைன், மில்ரினோன், சோடியம் நைட்ரோபுருசைட் ஆகியவை இவ்வழியில் தரப்பட்டுள்ளன. மூளை அறையில் செருகிய வடிகுழாயிலிருந்து சில மி.லி. திரவத்தை எடுத்துவிட்டு, 4 மி.கி. நிகார்டிபைனைச் செலுத்தி, குழாயைச் சற்று நேரம் மூடிவைப்பது பல மையங்களின் முறை. மூடியிருக்கும் நேரத்தில் மண்டைக்குள் அழுத்தம் ஏறலாம். குழாய்வழியே தொற்றும் நுழையலாம். தமனி தளர்வது தெரிகிறது, ஆனால் நோயாளி மீள்வது கூடுகிறதா என்பதற்குப் பெரிய ஆய்வுகளின் உறுதி கிட்டவில்லை. மூளை அறைக்குள் மெல்லக் கரையும் நிமோடிபைன் துகள்களைச் சோதித்த நியூட்டன்-2 ஆய்வு, பலன் தெரியும் வாய்ப்பில்லை என்று இடையிலேயே நிறுத்தப்பட்டது.

அந்தமானில் தூரமும் சேர்ந்துகொள்கிறது. ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரின் ஜி.பி. பந்த் மருத்துவமனையிலிருந்து சிக்கலான நோயாளிகளை மெயின்லேண்டுக்கு அனுப்புவது வழக்கம். சென்னைக்கு விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். கார் நிக்கோபார் தீவுக்காரர் முதலில் போர்ட் பிளேர் வந்து சேர வேண்டும். மழைக்காலத்தில் அதுவே பெரும்பாடு. நிமோடிபைன் மாத்திரையைத் தீவிலேயே தொடங்கலாம். திரவவழி மருந்துக்கோ வடிகுழாயும், அனியூரிசத்தைக் கிளிப்பாலோ காயிலாலோ அடைத்த பாதுகாப்பும், இரவுபகல் கண்காணிப்பும் வேண்டும். இறுக்கத்துக்கு முந்தைய அந்த இரண்டு மூன்று நாளில் பயணத்தை முடிப்பதே நல்லது. தலைவலி வெடித்த தேதியும் மணியும் பரிந்துரைச் சீட்டின் முதல் வரியில் இருந்தால், சென்னை மருத்துவர் இறுக்கத்தின் நாளை எண்ண அதுவே போதும்.