சிறு ஒளிப்படக்கருவியில் மேடைக் கச்சேரி ஒளிப்படம்

மேடைக் கச்சேரி ஒளிப்படவியல் என்பது இசை, ஆடல் முதலிய நிகழ்கலைகளை அவை மேடையில் நடைபெறும்போதே, அங்குள்ள ஒளியைக் கொண்டு படமெடுக்கும் முறையாகும். வில்லையை மாற்ற இயலாத சிறு எண்மிய ஒளிப்படக்கருவியில் (காம்பேக்ட் கேமரா) இதற்குச் செய்யவேண்டிய அமைப்புகள், தேனி மற்றும் கம்பம் பள்ளத்தாக்குப் பகுதியின் திருவிழா மேடைகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கு விளக்கப்படுகின்றன.

பின்னணி

இப்பகுதி மேடை இசைக்குப் பெயர் பெற்றது. 1943இல் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, தம் அண்ணன் பாவலர் வரதராஜனின் இசைக்குழுவில் இளம் வயதிலேயே சேர்ந்து ஊர் ஊராகச் சென்று பாடியவர். முல்லையாற்றங்கரையில் உள்ள வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் திருவிழாவும், குச்சனூர் சனீசுவரர் கோயிலின் ஆடிச் சனிக்கிழமை விழாக்களும் பெருங்கூட்டத்தை ஈர்ப்பவை. சிற்றூர்த் திருவிழாக்களில் நாதசுவரம், கரகாட்டம், மெல்லிசை ஆகியவை வழக்கமாக இடம்பெறுகின்றன. இத்தகைய மேடைகளுக்கெனத் தனியே ஒளிப்படக் கலைஞர் அமர்த்தப்படுவது குறைவு. ஒரு தவில் கலைஞரின் வாசிப்பு படமாக எஞ்சுமா என்பது, பெரும்பாலும் கூட்டத்தில் நிற்பவர் கையிலுள்ள சிறு கருவியைப் பொறுத்தே அமைகிறது.

ஒளிப் பற்றாக்குறை

சிறு கருவிகளில் பரவலாக இருந்த 1/2.5 அங்குல வகை உணரியின் அளவு ஏறத்தாழ 5.8 × 4.3 மி.மீ. ஆகும். 35 மி.மீ. படச்சுருளின் சட்டம் 36 × 24 மி.மீ. பரப்பில் முன்னது பின்னதில் 35இல் ஒரு பங்கு மட்டுமே. இதனால் உணர்திறனை (ஐஎஸ்ஓ) உயர்த்தும்போது படத்தில் புள்ளிபுள்ளியாக இரைச்சல் விரைவில் தோன்றுகிறது. பலர் இதற்கு அஞ்சி உணர்திறனைக் குறைத்து வைக்கின்றனர். கச்சேரியைப் பொறுத்தவரை இது தவறான சிக்கனம். இரைச்சலைப் பின்னர் மென்பொருளால் ஓரளவு குறைக்கலாம். அசைவால் கலங்கிய முகத்தை மீட்க முடியாது. எனவே முதலில் முடிவு செய்யவேண்டியது மூடுவேகமே.

மூடுவேகமும் துளையும்

நின்று பாடும் பாடகருக்கு 1/60 விநாடி பெரும்பாலும் போதும். நாதசுவரக் கலைஞரின் முகமும் அவ்வாறே. தவிலில் விழும் கையை உறைந்த நிலையில் காட்ட 1/250 விநாடியாவது வேண்டும். சுழலும் கரகாட்டத்துக்கும் அதே அளவு தேவை. கை மட்டும் சற்றுக் கலங்கி முகம் தெளிவாக இருப்பின் தவில் படம் உயிரோட்டமாகவே அமையும் என்பதால், 1/100 விநாடியும் தள்ளத்தக்கதன்று.

ஒரு மேடையின் ஒளியில் எஃப்/2.8 துளையும் ஐஎஸ்ஓ 100உம் வைத்தால் 1/15 விநாடி தேவைப்படுகிறது எனக் கொள்வோம். ஐஎஸ்ஓ 400 எனில் 1/60, ஐஎஸ்ஓ 800 எனில் ஏறத்தாழ 1/125 விநாடி கிடைக்கும். ஆனால் உருப்பெருக்கத்தை (ஜூம்) முழுதும் நீட்டியவுடன் பல சிறு கருவிகளில் துளை எஃப்/5 அளவுக்குச் சுருங்கிவிடும். உள்ளே வரும் ஒளி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைய, 1/125 விநாடி 1/40 விநாடியாகத் தாழ்கிறது. அத்துடன் பெருக்கிய படத்தில் கைநடுக்கமும் பெரிதாகத் தெரியும். ஆகவே உருப்பெருக்கத்தை நீட்டுவதைவிட மேடையை நெருங்கிச் செல்வதே நல்லது. திருவிழாக் கூட்டத்தில் இதற்கு முன்கூட்டியே சென்று இடம்பிடிக்க வேண்டும்.

மூடுவேகத்தை நேரடியாக அமைக்க இயலாத கருவிகளில் உணர்திறனை உயர்த்தி, ஒளியளவு ஈடுசெய்தலை −1 என வைக்கலாம். இது மூடுவேகத்தை இரட்டிப்பாக்கும். இருண்ட பின்னணியைக் கண்டு கருவி முகத்தை வெளிறச் செய்வதையும் இது தடுக்கும். புள்ளி அளவீடு (ஸ்பாட் மீட்டரிங்) இருப்பின் பாடகர் முகத்தில் அளப்பது இன்னும் சரியானது. அதிர்வு நிலைப்படுத்தி கைநடுக்கத்தை மட்டுமே குறைக்கும், கலைஞரின் அசைவை அன்று.

விளக்குகளின் இயல்பு

இந்தியாவில் மின்னோட்டத்தின் அலைவெண் 50 ஹெர்ட்சு. பழைய வகைச் சோக்கில் எரியும் குழல்விளக்குகள் விநாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்வதால், 1/100 விநாடியைவிட விரைந்த மூடுவேகத்தில் அடுத்தடுத்த படங்களின் ஒளியும் நிறமும் வேறுபடும். இங்கு 1/50 அல்லது 1/100 விநாடி பாதுகாப்பானது. எல்இடி மேடை விளக்குகள் சில, மின்னணு மூடியுள்ள கருவிகளில் பட்டை பட்டையாகப் பதியும். அப்போதும் மூடுவேகத்தைக் குறைப்பதே வழி.

செந்நிற, நீலநிற விளக்கொளியில் ஒரு நிறம் மட்டும் நிரம்பி முகத்தின் விவரம் மறைந்துவிடும். இவ்வேளைகளில் ஒளியளவைச் சற்றுக் குறைத்தல், அல்லது வெள்ளொளி வரும்வரை காத்திருத்தல் நன்று. வெண் சமநிலையைத் தானியங்கியில் விடாமல் ஒரே நிலையில் நிறுத்தினால் பிற்பாடு திருத்துவது எளிது. ரா கோப்பு வசதி இருப்பின் இச்சிக்கல் பெரிதும் குறையும்.

கருவியின் பிளாஷ் பெரும்பாலும் மூன்று, நான்கு மீட்டருக்கு அப்பால் பயனற்றது. அது முன்னால் அமர்ந்திருப்போரின் தலைகளையே வெளுக்கச் செய்யும். கலைஞரின் கண்ணையும் கூசச்செய்யும். அதனை அணைத்துவிடுவதோடு, குவியத்துக்கு உதவும் செவ்விளக்கையும் கருவி எழுப்பும் ஒலிகளையும் நிறுத்தி வைப்பது மரியாதை.

நிலமும் நேரமும்

கம்பம் பள்ளத்தாக்கின் மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை உயர்ந்து நிற்பதால், கதிரவன் மறையும் நேரத்துக்கு முன்பே நேரடி வெயில் மலைக்குப் பின்னே போய்விடுகிறது. ஆனால் வானம் உடனே இருளாது. மேடை விளக்குகள் எரியத் தொடங்கியும் வானில் நீலம் எஞ்சியிருக்கும் இந்த இடைப்பொழுது, சிறு கருவிகளுக்கு மிகவும் உகந்தது. பின்னணியில் மலைவிளிம்பும் தெரியும்.

ஆடி மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று இப்பகுதியில் வலிதாக வீசும். தொங்கவிடப்பட்ட விளக்குகள் ஆடுவதால் முகத்தில் விழும் ஒளி நொடிக்கு நொடி மாறும். தொடர்படப் பயன்முறையில் மூன்று நான்கு படங்களை ஒருங்கே எடுத்து ஒன்றைத் தேர்வது அப்போது பயன்தரும். எடை குறைந்த முக்காலி காற்றில் அதிரும். சுவரிலோ கம்பத்திலோ சாய்ந்து நின்று எடுப்பது அதனினும் உறுதியானது. வில்லை வெளியே நீளும் வகைக் கருவிகளின் இடுக்குகளில் புழுதி புகுந்தால் வில்லை சிக்கிக்கொள்ளக்கூடும் என்பதால், படமெடுக்காத வேளைகளில் கருவியை அணைத்து உறையில் இடவேண்டும்.