துடைக்காத சிலேட்டு

ஈதர்நெட் கம்பியில் போகும் ஒவ்வொரு பொட்டலமும் குறைந்தது 46 பைட் தகவலைச் சுமக்க வேண்டும். செய்தி அதைவிடச் சிறியதென்றால், மிச்ச இடத்தைச் சுழியங்களால் நிரப்பச் சொல்லி 1984-லேயே விதி எழுதிவிட்டார்கள். லினக்ஸ் உள்ளிட்ட இயங்குதளங்களின் பல நெட்வொர்க் டிரைவர்கள் அதைச் செய்யவில்லை. நினைவகத்தில் ஏற்கெனவே கிடந்ததையே சேர்த்து அனுப்பின. அதே நெட்வொர்க்கில் இருப்பவர் சின்னதாக ஒரு 'பிங்' அனுப்பினால் போதும், பதிலின் வாலில் வேறொருவருடைய தகவலின் துணுக்கு ஒட்டிக்கொண்டு வரக்கூடும்.

2003 ஜனவரியில் ஒஃபிர் ஆர்கின், ஜாஷ் ஆண்டர்சன் இருவரும் இதை 'ஈதர்லீக்' என்ற பெயரில் வெளிப்படுத்தினார்கள்.

யாரும் பூட்டை உடைக்கவில்லை. பழைய கணக்கை அழிக்காமல் சிலேட்டை அடுத்த பையனிடம் நீட்டிய கதைதான். விதி வந்து 19 ஆண்டுகள் ஆகியும் துடைக்கத்தான் ஆளில்லை. மென்பொருள் எழுதும் என் பிள்ளைகளே, கொடுக்கும் முன் ஒருமுறை துடையுங்கள்.