செல்லுக்கு எத்தனை அர்த்தம்?

'செல்' என்றதும் செல்போன்தானே ஞாபகம் வருகிறது? லத்தீனில் 'செல்லா' என்றால் சின்ன அறை. அவ்வளவுதான் சங்கதி!

சிறைக் கொட்டடி செல். 1665-ல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அறை அறையாகத் தெரிந்ததால் அதற்கும் 'செல்' என்றே பெயர் வைத்தார். ஊரைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு டவர் வைத்தால்... செல்போன்!

அதை நமக்கு 2006 முதல் செய்து தந்தது ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். 2014-ல் நோக்கியாவின் செல்போன் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலை அதில் சேரவில்லை. நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது.

தமிழிலும் 'செல்' உண்டு. ஒன்று கரையான், இன்னொன்று 'போ'. அன்றைக்கு அந்தப் பெண்களின் காதில் விழுந்தது எந்த 'செல்' என்று நான் சொல்லவும் வேண்டுமா?