கம்பளிக் கூழாங்கல்: கேமரன் மலைத் தேயிலைத் தோட்ட வீடுகளுக்கு ஏற்ற கைவினை முறை

1. வரையறை

கம்பளி இழைகளை நூற்காமலும் நெய்யாமலும், ஈரம், வெம்மை, சோப்பு, கைப்பிசைவு ஆகிய நான்கால் ஒன்றோடொன்று பிணையச் செய்து பெறும் திண்மையான பொருளை இக்கட்டுரையில் ‘இறுகுகம்பளி’ என வழங்குகிறோம். அவ்வாறு பிணையச் செய்யும் தொழில் ‘இறுக்கல்’ எனப்படும். ஆற்றுக் கல்லின் வடிவும் நிறமும் அமையுமாறு இறுக்கிய சிறு திரள் ‘கம்பளிக் கூழாங்கல்’ ஆகும்.

இதற்கு இலக்கணம் மூன்று. அகமும் புறமும் ஒத்த திண்மை பெற்றிருத்தல் முதலாவது. முனையின்றி வளைந்தும் முழு உருண்டையாகாமலும் இருத்தல் இரண்டாவது. கல்லுக்குரிய மங்கிய நிறமும் வரியும் கொள்ளுதல் மூன்றாவது. முதலாவது குன்றினால் அது பஞ்சுப் பொதி. இரண்டாவது குன்றினால் பந்து. மூன்றாவது குன்றினால் வண்ணப் பொம்மை.

இறுக்கல் மிகப் பழைய தொழில். அல்தாய் மலையின் பசிரிக் கல்லறைகளில், உறைபனி காத்து வைத்த இறுகுகம்பளித் திரைகள் கிடைத்துள்ளன. அவை ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை. காஷ்மீரத்திலும் இராசத்தானத்து டோங்கிலும் ‘நம்தா’ விரிப்புகள் இன்றும் இம்முறையில் உருவாகின்றன. கூழாங்கல் அத்தொழிலின் மிகச் சிறிய வடிவம். தறியோ இராட்டையோ வேண்டாது, ஒரு பேசினும் இரு கையும் கொண்டு வீட்டிலேயே முடிக்கத் தக்கது.

2. இடம்

மலேசியாவின் பகாங் மாநிலத்துக் கேமரன் மலை, 1885இல் அங்கே நில அளவைக்குச் சென்ற வில்லியம் கேமரனின் பெயரைத் தாங்கியது. போ தேயிலைத் தோட்டம் 1929இலும், பாரத் தேயிலைத் தோட்டம் 1933இலும் தோன்றின. இத்தோட்டங்களைக் கட்டி வளர்த்த உழைப்பில் தமிழர் பங்கு பெரிது.

இக்கைவினைக்கு அவ்விடம் மூன்று வகையில் பொருந்துகிறது. கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில், குளிர்ந்த இடமாக உள்ளது. ஆகவே மலேசியாவின் தாழ்நிலத்து வீடுகளில் காணக் கிடைக்காத கம்பளிச் சட்டையும் சால்வையும் மலை வீட்டுப் பெட்டிகளில் உண்டு. இது முதற் பொருத்தம். தேயிலை நிறம் தருகிறது, இது இரண்டாவது. கேமரன் மலை அமைந்த தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனது. வெண்படிகமும் சாம்பல் நிறக் கனிமமும் கரிய அப்பிரகமும் கலந்த கற்கள் ஓடைகளில் கிடப்பதால், பார்த்துச் செய்வதற்கு மாதிரி கண்முன்னே உள்ளது, இது மூன்றாவது.

பொருந்தாதது ஒன்றும் உண்டு. மலையின் ஈரக்காற்று உலர்த்தலைத் தாமதப்படுத்தும். அதனை ஆறாம் பிரிவில் கருதுவோம்.

3. காரணம்

கம்பளி இழை கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன் மேற்புறத்தை நுண்ணிய செதில்கள் ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றின்மேல் ஒன்றாக மூடியிருக்கின்றன. செதில்களின் திறந்த விளிம்பு இழையின் நுனியை நோக்கும். எனவே வேரிலிருந்து நுனிக்குத் தடவினால் வழுக்கும். நுனியிலிருந்து வேருக்குத் தடவினால் தடுக்கும். இவ்வேறுபாட்டைச் ‘செதில்திசை உராய்வு’ எனலாம். இறுக்கலின் முதற்காரணம் இதுவே.

துணைக்காரணங்கள் நான்கு. நீர் இழையைப் பருக்கச் செய்து செதிலை விரிக்கும். வெம்மை இழையை நெகிழ வைக்கும். சோப்பு வழுவழுப்பைத் தந்து இழைகளை நகர விடும். அதன் காரத்தன்மை செதிலின் விரிவையும் மிகுவிக்கும். கைப்பிசைவு இழைகளை இடம்பெயரச் செய்யும். பெயர்ந்த இழை வேர்ப்பக்கமாக முன்னேறுமே அன்றிப் பின்வாங்காது. ஒவ்வோர் அசைவிலும் சிறிது முன்னேறிய பல்லாயிரம் இழைகள் முடிவில் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிச் சுருங்குகின்றன.

இதிலிருந்து பெறப்படும் விதி மீளாமை. இறுகியதைப் பிரித்துப் பழைய இழையாக்க இயலாது. பின்வரும் படிநிலைகளின் வரிசை முழுவதும் இவ்விதியையே அடிப்படையாகக் கொண்டது.

4. மூலப்பொருள்

கம்பளியை இறுகுவது, அரிதின் இறுகுவது, இறுகாதது என மூவகையாக்கலாம்.

இறுகுவது, நூற்காத, சிக்கெடுத்து வாரிய மென்கம்பளி. மெரினோ ஆட்டின் கம்பளி இவ்வகையில் சிறந்தது. அதன் இழைப் பருமன் பொதுவாக 24 மைக்ரானுக்கு உட்பட்டது. தமிழகத்தில் சாண்டிநல்லாவில் பேணப்படும் நீலகிரி ஆடும், கொடைக்கானல் மன்னவனூரில் வளர்க்கப்படும் பாரத் மெரினோவும் மென்கம்பளி இனங்களே. வெப்பமண்டலமான மலேசியாவில் கம்பளிக்கென ஆடு வளர்ப்போர் அரியர். ஆதலால் வெளிநாட்டிலிருந்து வரும் வாரிய கம்பளியைக் கைவினைப் பொருட்கடைகளில் வாங்க வேண்டும்.

அரிதின் இறுகுவது, முறுக்கேறிய பின்னல் நூல். முறுக்கு இழைகளைப் பிடித்து வைத்திருப்பதால் அவை நகர்வதில்லை. அந்துப்பூச்சி அரித்த பழைய கம்பளிச் சட்டை இவ்வகையைச் சேர்ந்தது. இதனை நறுக்கி உட்கருவாகப் பயன்படுத்தலாம், மேற்போர்வைக்கு ஆகாது.

இறுகாதது இருதிறம். இயந்திரத்தில் துவைக்கலாம் என்று குறித்து விற்கப்படும் கம்பளி ஒன்று. குளோரின் கொண்டு செதிலை மழுக்கிப் பிசின் பூசியிருப்பர். அக்ரிலிக் மற்றொன்று, அதற்குச் செதிலே இல்லை. ஐயம் எழுந்தால் ஓர் இழையைக் கொளுத்திப் பார்க்க வேண்டும். கம்பளி மயிர் கருகும் நாற்றத்துடன் எரிந்து, விரலால் நசுக்கத்தக்க கரியாகும். அக்ரிலிக் உருகிக் கெட்டியான மணியாகும்.

5. நிறமூட்டல்

நிறமூட்டல் இறுக்கலுக்கு முன்னரே நிகழ வேண்டும். இறுகிய திரளின் அகத்தில் சாயம் சீராக ஊறாது. மேலும் சாயத்தின் வெந்நீர் முடிந்த வடிவைக் கெடுக்கும்.

தேயிலையின் துவர்ப்பொருள் புரத இழையோடு எளிதில் பிணையும். கம்பளியின் எடைக்குச் சமமான தேயிலைத்தூளை நீரில் கொதிக்கவைத்து வடிகட்டி, ஆறிய சாற்றில் நனைத்த கம்பளியை இடுக. பின் மெல்லச் சூடேற்றிக் கொதிநிலைக்குக் கீழே ஒரு மணி நேரம் வைத்திருந்து, அச்சாற்றிலேயே ஆற விடுக. கிளறலும் திடீர் வெப்ப மாற்றமும் கூடா; அவை பாத்திரத்திலேயே இறுக்கலைத் தொடங்கிவிடும். பெறுவது மணற்கல்லின் பழுப்பு நிறம்.

அப்பழுப்பைச் சாம்பலாக்குவது இரும்பு. துருப்பிடித்த ஆணிகளைக் காடியில் சில நாள் ஊறவைத்த நீரைத் தேயிலைச் சாற்றில் தேக்கரண்டி அளவாகச் சேர்த்தால், துவர்ப்பொருளும் இரும்பும் கூடிச் சாம்பல் முதல் கருமை வரையான நிறங்களைத் தரும். பழைய எழுதுமையின் கருமையும் இவ்வினையால் வந்ததே. இரும்பு மிகுந்தால் இழை நொறுங்கும். ஆதலின் விரும்பிய நிறத்துக்குச் சற்று முன்னரே நிறுத்துவது நன்று. இதற்கென வைத்த பாத்திரத்தை மீண்டும் சமையலுக்கு எடுக்கலாகாது.

6. படிநிலைகள்

முதற்படி, கரு. ஐந்து செ.மீ. நீளமுள்ள கல்லுக்கு மொத்தம் சுமார் 8 கிராம் கம்பளி போதும். அதில் பாதியை இறுக்கமாகச் சுருட்டிக் கருவாக்குக.

இரண்டாம் படி, போர்வை. மீதியை மெல்லிய படலங்களாகப் பிரித்து, ஒரு படலம் நெடுக்காகவும் அடுத்தது குறுக்காகவும் சுற்றுக. திசை மாறினால்தான் இழைகள் எல்லாப் பக்கமும் கோக்கும்.

மூன்றாம் படி, வரி. கருங்கல்லின் வெண்கோட்டை ஒத்த வரி வேண்டின், முறுக்கில்லாத வெண்கம்பளியை இழுத்து மெலிவித்து ஒரே சுற்றாக வைக்க வேண்டும்.

நான்காம் படி, மென்பிசைவு. கை பொறுக்கும் சூட்டில் சோப்பு நீரைத் தெளித்து, திரளை அழுத்தாமல் உள்ளங்கைகளுக்கிடையே உருட்டுக. தொடக்கத்தில் அது சேறு போல் வழுக்கி, மேற்போர்வை தளர்ந்து சுருக்கம் விழும். அப்பொழுது அழுத்தினால் அச்சுருக்கம் மடிப்பாக நிலைத்துவிடும். பத்து நிமிட அளவில் மேற்புறம் தோல் கட்டத் தொடங்கும். இதனை அறியும் சோதனை கிள்ளிப் பார்த்தல். கிள்ளியபோது இழைகள் தனித்தனியே எழுந்தால் முதிரவில்லை. பரப்பு முழுதும் ஒரே தோலாக எழுந்தால் முதிர்ந்தது.

ஐந்தாம் படி, வன்பிசைவு. இப்போது சூடும் அழுத்தமும் கூட்டுக. வெந்நீரிலும் குளிர்நீரிலும் மாறிமாறி நனைத்து, வரியுள்ள பலகையின்மேல் உருட்டுக. விரலால் அழுத்திய குழி உடனே மீண்டால் போதிய திண்மை வந்தது எனக் கொள்க.

ஆறாம் படி, வடிவமும் உலர்த்தலும். சோப்பு நீங்க அலசி, சிறிது காடி கலந்த நீரில் முக்கிக் காரத்தை நீக்குக. ஈரத்துடனே உள்ளங்கையால் தட்டையாக்கி, ஒரு பக்கம் ஒடுங்கவும் மறுபக்கம் அகலவும் செய்க. பின் துணியில் பொதிந்து பிழிந்து, காற்றோட்டமுள்ள சல்லடையில் வைத்து நாள்தோறும் திருப்புக. கம்பளி தன் எடையில் மூன்றிலொரு பங்கு வரை ஈரத்தை, தொட்டால் தெரியாதபடி, உள்ளடக்க வல்லது. மேற்புறம் உலர்ந்தது கண்டு பெட்டியில் அடைத்தால் உள்ளே பூசணம் பிடிக்கும். இரு நாள் எடை நிறுத்து, குறைவு நின்றபின் உலர்ந்ததாகக் கொள்வதே மலைவாழ்வோர்க்கு ஏற்ற அளவுகோல்.

7. குற்றங்கள்

குற்றங்கள் மூன்று: பிளவு, மென்கரு, வரிக்கலைவு. பிளவு, வன்பிசைவு முந்தியதால் வருவது. மென்கரு, கருவைத் தளர்வாகச் சுற்றியதால் வருவது. வரிக்கலைவு, வரியைத் தடிப்பாக வைத்ததால் வருவது. பிளவுக்கு மட்டும் ஓரளவு தீர்வு உண்டு. முள்வெட்டுள்ள இறுக்கல் ஊசியால் மெல்லிய படலத்தைக் குத்திப் பொருத்தி, மீண்டும் நான்காம் படியிலிருந்து தொடங்கலாம். மற்ற இரண்டும் திருத்த இயலாதவை.

8. முடிபு

இக்கைவினையின் திறம் விரலின் வேகத்தில் இல்லை. வரிசையைக் காப்பதில் உள்ளது. நிறம் இறுக்கலுக்கு முந்த வேண்டும்; மென்மை வன்மைக்கு முந்த வேண்டும்; வடிவம் உலர்வுக்கு முந்த வேண்டும். மீளாத வினையைக் கையாள்வோர் காரணம் அறிந்தே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

இதற்கு வேண்டிய செலவு சிறிது. கற்பிக்கும் பொருளோ பெரிது. இழையின் இயல்பு, வெப்பத்தின் விளைவு, சாயத்தின் வேதியியல் ஆகிய மூன்றையும் ஒரு மாணவன் தன் கையாலேயே அறிந்துகொள்வான். ஆகவே கேமரன் மலையின் தமிழ்ப்பள்ளிகள் இதனைக் கைவினைப் பாடமாக ஏற்று, தோட்டத்துத் தேயிலையைக் கொண்டே மாணவரைச் செய்யப் பழக்குதல் வேண்டும் எனப் பரிந்துரைக்கிறோம்.