மஞ்சக்குப்பம் முதல் கைப்பேசி வரை

சொல்லுக்கு உரியவர் யார் என்னும் வினா கடலூர், சிதம்பரம் வட்டாரத்திற்குப் புதிதன்று. 1864இல் ஆறுமுக நாவலர் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1867இல் இராமலிங்க அடிகள் வடலூரில் சத்திய தருமச் சாலையைத் தொடங்கினார். திருவருட்பா நூலாக அச்சேறியதும் அவ்வாண்டே. அப்பாடல்களை ‘அருட்பா’ என்றல் தகுமா என எழுந்த பூசல் கண்டன நூல்களாகப் பெருகியது. ஒருவர் எழுதியதைப் பிறர் பெயரில் வெளியிடும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. எனினும், 1867ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் அச்சிட்டவர் பெயரும் இடமும் நூலில் இடம்பெற வேண்டுமென விதித்திருந்தது. பேச்சுக்கோ சொன்னவர் நேரில் இருந்தார். ஆதலால் 1869இல் அப்பூசல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்காக நிற்க முடிந்தது.

இன்று கைப்பேசியில் வரும் செய்திக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. அனுப்பியவர் உறவினர் அல்லது நண்பர். அவர்மீதுள்ள நம்பிக்கை, எழுதியவர் எவரென்று அறியாத செய்தியின்மீதும் படிகிறது. வஞ்சகர்க்கு இதுவே வாய்ப்பு. குழந்தை கடத்துவோர் நடமாடுவதாக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியால், 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குச் சென்ற மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அவ்வாண்டு ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு அந்நிறுவனம் இந்தியாவில் வரம்பிடத் தொடங்கியது. வேகம் குறைந்தது, மூலம் மறைவாகவே இருந்தது.

செய்தியை முதலில் விடுத்தவரைக் கண்டறிய வழிசெய்யும் விதியை இந்திய அரசு 2021இல் கொணர்ந்தது. ஆயின் பெயரைக் கேட்கும் சட்டம் இருமுனைக் கத்தியாகும். 1908இல் ‘இந்தியா’ இதழுக்குச் சட்டப்படி பொறுப்பாளராகப் பதிவாகியிருந்தவர் சிறைப்பட்டார். பாரதி புதுச்சேரி சென்றார். பத்தாண்டுகளுக்குப்பின், 1918 நவம்பரில், அங்கிருந்து வெளியேறிய பாரதி கைதாகி அடைக்கப்பட்டதும் கடலூர்ச் சிறையிலேயே.

ஆகவே பொய்யைத் தடுக்கும் பொறுப்பு முழுவதையும் அரசிடமோ நிறுவனத்திடமோ ஒப்படைத்தல் இயலாது. ஒரு பாடலுக்குப் பாடவேறுபாடு பார்த்து, ஏட்டுச் சான்று கேட்டு, இடைச்செருகலை விலக்கிப் பழகியது தமிழ்ப் புலமை. அப்பழக்கம் பாட்டோடு நின்றுவிடாமல் கைப்பேசிச் செய்திக்கும் நீள வேண்டும். மூலம் அறியாத செய்தியைப் பிறர்க்கு அனுப்பாமை, சொல்லை நம்பி வாழும் கவிஞர்க்கு முதற்கடமையாகும்.