பிடியரிசியும் மாத முறையும்

திருநெல்வேலிச் சீமையின் சீர்திருத்தக் கிறிஸ்தவர்களிடையே ‘ஊழியம்’ என்ற ஒரே சொல், சம்பளம் வாங்கிச் செய்யும் சபைப் பணியையும் காசு வாங்காமல் செய்யும் பணியையும் சேர்த்தே குறித்து வந்திருக்கிறது. பொருள் வேறுபாட்டைக் காட்டாத இந்தச் சொல்லாட்சிக்குப் பின்னால், கூலி பெறும் ஊழியரை நம்பி வளர்ந்த ஒரு திருச்சபை, கூலி பெறாத ஊழியரை எப்படித் தேடிக்கொண்டது என்ற நீண்ட வரலாறு இருக்கிறது.

பாளையங்கோட்டையில் 1780-ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில் இருந்த பெயர்கள் 40 மட்டுமே. அச்சிறு கூட்டத்தின் நடுநாயகமாக இருந்த குளோரிந்தா என்னும் மராத்தியப் பிராமணக் கைம்பெண், எந்த மிஷன் சங்கத்தின் ஊழியரும் அல்லர். சபையைக் கூட்டியதும் 1785-இல் நிறைவுற்ற கோயிலுக்கு முன்னின்றதும் அவருடைய சொந்த முயற்சி. தஞ்சையிலிருந்து மிஷனெரியான ஸ்வார்ட்ஸ் ஐயர் அனுப்பிய உபதேசியாரான சத்தியநாதன் 1790-இல் குருப்பட்டம் பெற்ற பின்னரே, முறையான சம்பள ஊழியம் அங்கு வேரூன்றியது எனலாம். உபதேசியார் என்பவர் குருவானவருக்குக் கீழ்ப்பட்டு, ஓர் ஊரிலோ சில ஊர்களிலோ காலை மாலை ஜெபம் நடத்தி, பிள்ளைகளுக்கு எழுத்தும் ஞானோபதேசமும் கற்பித்து, சபையாரின் வழக்கு வியாச்சியங்களிலும் துணைநின்றவர்.

1820-இல் திருநெல்வேலிக்கு வந்து சேர்ந்த மிஷனெரி ரேனியஸ் ஐயர் இந்த உபதேசியார் வரிசையைப் பயிற்சியாலும் மேற்பார்வையாலும் பெருக்கினார். சம்பளம் மிஷன் பணத்திலிருந்து வந்ததால், சபை நடத்துவது என்பது சம்பளக்காரரின் வேலை, கேட்டிருப்பது ஊராரின் வேலை என்ற எண்ணம் படிந்துவிடும் இடர் இருந்தது. அதற்கு மாற்றாக அவர் காலத்தில் தோன்றியவை சங்கங்கள். அவற்றுள் 1830-இல் தொடங்கிய தர்ம சங்கம், புதிதாகச் சபையில் சேர்ந்து குடியிருந்த இடத்திலிருந்து விரட்டப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியேற்றும் நோக்கமுடையது. கோயில் கொடைக்கும் குளத்து மராமத்துக்கும் வரி போட்டுப் பழகிய ஊர்களுக்குச் சந்தா கட்டுவது புதிய பழக்கமன்று. புதிதாக இருந்தது, அந்தப் பணம் முன்பின் தெரியாத வேறோர் ஊராரின் குடியிருப்புக்குப் போனதுதான்.

சந்தா கொடுக்கக் காசில்லாத வீடுகளையும் உள்ளே இழுத்தது பிடியரிசி. உலையில் இடுவதற்காக அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டு வைத்து, நிறைந்ததும் கோயிலுக்குக் கொண்டு சேர்ப்பதே இவ்வழக்கம். கோழி, முட்டை, முருங்கைக்காய், கருப்பட்டி ஆகியவையும் காணிக்கையாக வந்து, ஆராதனை முடிந்ததும் கோயில் வாசலில் ஏலம் போகும் காட்சியைத் தென்மாவட்டச் சபைகளில் இன்றும் காணலாம். பிடியரிசியில் கவனிக்கத்தக்கது அதன் அளவன்று. அதைக் கொடுப்பவர் யார் என்பதே. வீட்டுப் பணத்தின் மேல் அதிகாரமில்லாத பெண், அரிசிப் பானையின் மேல் அதிகாரம் உடையவளாக இருந்தாள். யாரிடமும் கேளாமல், நாள்தோறும், தன் கையளவாலேயே அளந்து அவள் கொடுத்த காணிக்கை அது. சபைக் கணக்கில் குடும்பத் தலைவரின் சந்தா பெயரோடு ஏறியிருக்க, இந்த அரிசி பெரும்பாலும் மொத்த வரவாகவே நின்றுவிட்டது என்பது இவ்வரலாற்றின் ஒரு குறை.

பொருளைத் திரட்டிய இதே ஊர்ப் பழக்கம் ஆளைத் திரட்டவும் பயன்பட்டது 1854-க்குப் பின்னர்தான். சென்னையில் மிஷன் செயலாளராக இருந்த ராக்லண்ட் ஐயர், கிறிஸ்தவர்கள் மிகக் குறைவாக இருந்த வடதிருநெல்வேலியில், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், சாத்தூர்ப் பகுதிகளில், பங்களா கட்டாமல் கூடாரமடித்து ஊர் ஊராகச் சுற்றும் ஊழியத்தைத் தொடங்கினார். தென்பகுதிச் சபைகளிலிருந்து உபதேசியார்கள் மாதத்திற்கு ஒரு குழுவாக முறை வைத்து அவருக்குத் துணையாக வந்தார்கள். அவர்களை அனுப்பும் செலவுக்குத் தென்பகுதிக் கிறிஸ்தவர்களின் காணிக்கை உதவியது. தன்னார்வம் என்ற சொல்லை இங்குச் சற்று நிதானத்தோடுதான் பயன்படுத்த வேண்டும். ஐயர் கேட்டு உபதேசியார் மறுப்பது எளிதாக இருந்திருக்காது. ஆயினும் வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்துப் பழகிய மக்களுக்கு, ‘இந்த மாதம் உங்கள் முறை’ என்ற ஏற்பாடு உடனே விளங்கக்கூடியது. போகிறவருக்குத் திரும்பும் நாள் தெரியும். அனுப்புகிற சபைக்குத் தன் பங்கு எவ்வளவு என்று தெரியும். உருக்கமான பிரசங்கத்தைவிட இந்த இரண்டு தெளிவுகளே ஆட்களைக் கொண்டுவந்திருக்க வேண்டும். ராக்லண்ட் 1858-இல் சிவகாசியில் காலமானார்.

இவ்வளவுக்கும் பிறகும் திட்டத்தை வகுத்தவர் வெள்ளைக்கார ஐயராகவே இருந்தார். அந்நிலை மாறியது 1903 பிப்ரவரி 12 அன்று, பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கப்பட்டபோது. அதன் முதன்மைத் தூண்டுகோலான வே. ச. அசரியா, வெள்ளாளன்விளையில் ஒரு கிராமக் குருவானவரின் மகனாக 1874-இல் பிறந்து, அப்போது வாலிபர் கிறிஸ்தவ சங்கமான ஒய்.எம்.சி.ஏ.வின் செயலாளராக இருந்தவர். 1902-இல் யாழ்ப்பாணம் சென்றிருந்தபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காணிக்கையால் கடல் கடந்து ஊழியம் நடத்துவதைக் கண்டதும், அதைவிடப் பல மடங்கு பெரிய திருநெல்வேலிச் சபை அப்படி ஒன்றும் செய்யாதிருந்தது அவரை உறுத்தியது. இந்தியரின் பணம், இந்திய ஊழியர், இந்தியரின் நிர்வாகம் என்பது புதிய சங்கத்தின் கொள்கை. வெளிநாட்டுப் பணம் மறுக்கப்பட்டதால், தர வேண்டியவர் தாமே என்பதை ஊர்ச் சபைகள் தட்டிக்கழிக்க வழியில்லாமற் போயிற்று. முதல் மிஷனெரி 1904-இல் நிஜாம் சமஸ்தானத்தின் தெலுங்குப் பகுதியான தோர்ணக்கலுக்குச் சென்றார்.

பிறரை அனுப்பிக்கொண்டிருந்த அசரியா 1909-இல் தாமே அங்குச் சென்றார். 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். அவருடைய தோர்ணக்கல் மறைமாவட்டத்தில் சபையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் எழுத்தறியாத ஒடுக்கப்பட்ட கூலித் தொழிலாளர். படித்த உபதேசியார் வரட்டும் என்று காத்திருந்தால் வேலை நடவாது. ஆகவே ஊழியருக்குரிய கடமையை அவர் சேர்ந்தவர் அனைவர்மேலும் வைத்தார்: ஞானஸ்நானம் பெற்றவர் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, நற்செய்தி அறிவிக்காமற் போனால் தமக்கு ஐயோ என்ற பவுலின் சொல்லைத் தம் சொல்லாகச் சொல்ல வேண்டும் என்பது அவர் ஏற்படுத்திய வழக்கம். ஆண்டுக்கு ஒரு வாரம் ‘சாட்சி வாரம்’ என ஒதுக்கப்பட்டு, கூலி வேலைக்குச் செல்லும் ஆணும் பெண்ணும் பக்கத்து ஊர்களுக்குப் போய்ப் பேசினார்கள். கிராம ஊழியருக்குப் பயிற்சி அளித்தபோது மனைவியரையும் உடன் அமர்த்திக் கற்பித்ததால், அரிசிக் கலயத்தோடு நின்றிருந்த பெண்ணின் பங்கு இங்குப் போதிக்கும் திண்ணைவரை வந்தது.

சம்பள ஊழியர் இதனால் மறைந்துவிடவில்லை. புதிதாகச் சேர்ந்த ஊர்கள் தங்களுக்கென்று ஓர் உபதேசியாரை வேண்டின. சபையாரும் அவருடைய பிழைப்பில் பங்கேற்க வேண்டும் என்பதில் அசரியா விட்டுக்கொடுக்கவில்லை. அறுவடைப் பண்டிகைகளில் தானியமும் கோழியும் ஆடும் சுமந்து மக்கள் தோர்ணக்கல் கோயில்களுக்கு வந்தார்கள்.